தாம்பரம் வட்டாரத்தின் ஐந்து ரயில் நிலையங்கள்: வரலாற்றை எந்த ஆண்டிலிருந்து தொடங்குவது?

வாசகர் ஒருவரின் கேள்வி, 8 ஜூன் 2025

தாம்பரம் ரயில் நிலையம் 1931இல் வந்தது என்றே பார்க்குமிடமெல்லாம் எழுதியிருக்கிறார்கள். என் தாத்தாவோ அதற்கு முன்பே விழுப்புரம் பக்கத்திலிருந்து ரயிலில் வந்து தாம்பரத்தில் இறங்கியதாகச் சொல்வார். எது சரி? பல்லாவரம் முதல் பெருங்களத்தூர் வரை ஊர் பெருத்ததால் நிலையங்கள் வந்தனவா, நிலையங்கள் வந்ததால் ஊர் பெருத்ததா?

8 ஜூன் 2025, இரவு

உங்கள் தாத்தா சொன்னதில் பிழை எதுவும் இல்லை. சென்னையிலிருந்து செங்கல்பட்டு, விழுப்புரம் வழியாகத் தெற்கே செல்லும் மீட்டர் கேஜ் பாதை (தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலம்) 1870களில் போடப்பட்டது. 1874இல் உருவான தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் முதுகெலும்பே அந்தப் பாதைதான். எழும்பூரில் இன்று நாம் காணும் சிவப்பு வெள்ளைக் கட்டடம் 1908 ஜூனில் திறக்கப்படுவதற்கு முன்பே நீராவி வண்டிகள் பல்லாவரத்தையும் தாம்பரத்தையும் கடந்து தூத்துக்குடி வரை ஓடிக்கொண்டிருந்தன. 1931இல் நடந்தது வேறு: சென்னைக் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்வண்டி ஓடத் தொடங்கியது. அந்த ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் ஆளுநர் சர் ஜார்ஜ் ஸ்டான்லி அதைத் தொடங்கி வைத்தார். பொதுமக்களுக்கான சேவை மே 11இல் வந்தது.

ஆகவே நிலையம் என்பதைத் தொலைதூர வண்டி நின்று போகும் இடமாகக் கொண்டால் கணக்கு 19ஆம் நூற்றாண்டிலிருந்து தொடங்கும். தினமும் காலையில் போய் மாலையில் திரும்பும் மக்களின் நிலையமாகக் கொண்டால் 1931 என்று எழுதுவதில் நியாயம் இருக்கிறது. எனக்கு இரண்டாவது கணக்கே முக்கியமாகப் படுகிறது. காரணங்களைப் பிறகு விரிவாக எழுதுகிறேன்.

9 ஜூன் 2025

நேற்று விட்டுப்போன ஒன்று. இந்தியாவில் முதல் மின்ரயில் 1925 பிப்ரவரியில் பம்பாய் விக்டோரியா டெர்மினஸுக்கும் குர்லாவுக்கும் இடையே ஓடியது. அது அகலப்பாதை. மீட்டர் கேஜில் மின்வண்டி ஓடிய முதல் பாதை நம்முடையதுதான். இரண்டிலும் 1,500 வோல்ட் நேர்மின்சாரம்.

வண்டிக்கு மேலே கம்பி கட்டியதோடு வேலை முடிந்துவிடவில்லை. புறநகர் வண்டிகளுக்கென்று தனிப் பாதைகள் ஒதுக்கப்பட்டன. மெயில் வண்டிகளுக்கு எழும்பூரிலிருந்து வேறு பாதை. இந்தப் பிரிப்புதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை என்பேன். ராமேஸ்வரம் போகும் வண்டி தாமதமானால் அதற்காகக் குரோம்பேட்டைக்காரர் காத்துக் கிடக்க வேண்டியதில்லை என்ற நிலை அப்போதுதான் உண்டானது. மனிதர் ஒருவர் ரயிலை நம்பிப் பதினைந்து மைலுக்கு அப்பால் வீட்டுமனை வாங்கத் துணிவது அந்த நம்பிக்கை வந்த பிறகுதான்.

15 ஜூன் 2025

ஐந்து நிலையங்கள் என்று ஏன் வரையறுத்தேன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 2021இல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளையும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி அமைக்கப்பட்டது. அதன் எல்லைக்குள் வடக்கிலிருந்து தெற்காகப் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம், தாம்பரம், பெருங்களத்தூர் என்று ஐந்து நிலையங்கள் வரிசையாக அமைகின்றன. ஆட்சிக் கணக்கில் இது ஒரே ஊராகிச் சில ஆண்டுகள்தான் ஆகின்றன. அங்கு வாழ்பவர்களுக்கு அது பல தலைமுறைகளாகவே ரயில்பாதையால் இணைந்த ஒரே ஊர். முகவரி கேட்டால் தெருப்பெயருக்கு முன்பு "எந்த ஸ்டேஷன்?" என்றுதான் கேட்போம்.

திரிசூலத்தையும் மீனம்பாக்கத்தையும் விட்டுவிட்டதாக வருந்த வேண்டாம். அவற்றின் கதை விமான நிலையத்தோடு பிணைந்தது. அதற்குத் தனி இழை வேண்டும்.

22 ஜூன் 2025

பல்லாவரம்.

இந்த ஐந்தில் ரயிலுக்கு முன்பே பெயர் பெற்றிருந்த இடம் இதுதான். மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரை மலையில் இருக்கிறது, இன்று அது தர்காவாக வழிபடப்படுகிறது. 1863 மே 30ஆம் நாள் ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியல் அறிஞர், இந்தப் பகுதியில் சரளைக்காகத் தோண்டிய குழி ஒன்றிலிருந்து கற்கோடாரி ஒன்றை எடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்ததற்கு அடையாளம் காணப்பட்டது அப்போதுதான். இந்த மலைகளின் கருங்கல்லும் புகழ்பெற்றது. கல்கத்தாவில் உள்ள ஜோப் சார்னாக்கின் கல்லறைக்கல் இந்த வகைப் பாறைதான், நிலவியலார் அதற்கு அவர் பெயரையே வைத்து 'சார்னாக்கைட்' என்கிறார்கள்.

ஆனால் ரயில் நிலையத்தைப் பொறுத்தவரை முக்கியமானது ராணுவக் குடியிருப்பு. பரங்கிமலையையும் பல்லாவரத்தையும் சேர்த்த கன்டோன்மென்ட் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தது. கோட்டைக்கும் கன்டோன்மென்டுக்கும் இடையே ஆளும் பொருளும் ஓயாமல் போய்வர வேண்டியிருந்த இடத்தில் ரயில் கம்பெனி நிலையம் அமைத்ததில் வியப்பில்லை. கன்டோன்மென்டின் தடம் இன்னும் மறையவில்லை. பழைய டிரங்க் ரோட்டில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தை அதில் ஒன்று. மீன் தொட்டி, புறா, பழைய மோட்டார், செடி, ஒற்றைக் கைப்பிடி போன கத்தரிக்கோல் என்று எதுவும் கிடைக்கும். வெள்ளிக்கிழமை மாலை கடற்கரை நோக்கிப் போகும் வண்டியில் ஏறினால், தண்ணீர் நிரப்பிய நெகிழிப் பையில் தங்க மீனை இரண்டு கைகளாலும் பிடித்தபடி ஒரு சிறுவனாவது உட்கார்ந்திருப்பான். அவன் அப்பா சன்னலோரத்தை அவனுக்குக் கொடுத்துவிட்டு, கூட்டம் நெருக்காமல் கையை அரணாக வைத்துக்கொண்டு நிற்பார்.

28 ஜூன் 2025

குரோம்பேட்டை. நான் வளர்ந்த ஊர் என்பதால் நீளும்.

தோலைக் குரோமிய உப்பால் பதனிடும் முறையைச் சென்னை மாகாணத்தில் பரவச் செய்தவர் ஆல்ஃபிரெட் சாட்டர்டன். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசு சார்பாக அவர் செய்த சோதனைகளுக்குப் பிறகு தனியார் இதில் இறங்கினார்கள். அவர்களில் ஒருவரான ஜி. ஏ. சேம்பர்ஸ் 1912இல் நிறுவியதுதான் குரோம் லெதர் கம்பெனி. பல்லாவரத்துக்குத் தெற்கே அந்தத் தொழிற்சாலை நிலைகொண்ட பிறகு, அதைச் சுற்றி எழுந்த குடியிருப்பு கம்பெனியின் பெயரையே ஏற்றுக்கொண்டது. ஒரு தொழிற்சாலையின் வேதிப்பொருள் ஊர்ப்பெயராகி, ஊர்ப்பெயர் ரயில் நிலையப் பலகையில் ஏறிய இடம் தமிழ்நாட்டில் வேறு இருக்கிறதா என்று எனக்குத் தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டிருக்கிறேன்.

நாகல்கேணிப் பக்கத்துத் தோல் பதனிடும் கூடங்களின் வாடை, காற்று அந்தத் திசையிலிருந்து அடிக்கும் நாள்களில் ரயில் பெட்டிக்குள்ளேயே வந்துவிடும். வெளியூர்க்காரர்கள் முந்தானையையோ கைக்குட்டையையோ மூக்கில் வைத்துக்கொள்வார்கள், நாங்கள் "ஸ்டேஷன் வந்தாச்சு" என்று எழுந்து வாசலுக்குப் போவோம். அந்த வாடைக்குப் பின்னால் கிணறுகள் கெட்டுப்போன கதையும், அதே தொழிலில் மூன்று தலைமுறை உழைத்த குடும்பங்களின் கதையும் இருக்கின்றன. இரண்டையும் விட்டுவிட்டுக் குரோம்பேட்டை ரயில் நிலையத்தின் வரலாற்றை எழுத முடியாது.

1949இல் சி. ராஜம் இங்கே மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியைத் தொடங்கினார். அப்துல் கலாம் 1950களில் படித்தது அங்கேதான். 1968இல் வைணவ மகளிர் கல்லூரி வந்தது. இப்படித் தொழிலாளர்களோடு மாணவர்களும் சேர, காலையில் கடற்கரை நோக்கி மட்டுமே நிரம்பிய வண்டிகள் எதிர்த் திசையிலும் நிரம்பத் தொடங்கின. இதை யாரும் பெரிதாக எழுதுவதில்லை. ஒரு புறநகர், நகரத்துக்கு ஆள் அனுப்பும் இடமாக மட்டும் இல்லாமல் நகரத்திலிருந்து ஆளை வரவழைக்கும் இடமாக மாறுவதற்கு அடையாளம் எதிர்த்திசைக் கூட்டம்தான்.

29 ஜூன் 2025

கல்லூரிப் பெண்கள் பெட்டியைப் பற்றி எழுதச் சொல்லி அக்கா கேட்டிருக்கிறார். அதை அவரே எழுதினால்தான் சிறக்கும். நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். காலை வண்டியில் பெண்கள் பெட்டிக்குள் பூக்காரம்மா கூடையோடு ஏறி, தாம்பரம் போய்ச் சேர்வதற்குள் பாதிப் பூவை முழம் போட்டு விற்றுவிடுவார். கூடையை, சரக்கோடு வரும் வியாபாரிகளுக்கான வெண்டர் பெட்டியில் ஏற்றச் சொல்லி யாராவது அதட்டினால், பெண்களே ஒன்றுகூடி அவருக்கு இடம் விட்டு உட்காரவைப்பார்கள்.

6 ஜூலை 2025

ஒருவர் கடுமையாக மறுத்திருக்கிறார். "கன்டோன்மென்ட், தோல் கம்பெனி, கல்லூரி என்று நிறுவனங்களையே சொல்கிறீர்கள். இந்த ஊர்களை உண்டாக்கியவர்கள் மனை வாங்கிய குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும்தான்" என்கிறார்.

ஒரு வாரமாக இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். நிலையம் ஏன் அந்த இடத்தில் நிற்கிறது, ஏன் அந்தப் பெயரில் நிற்கிறது என்ற கேள்விகளுக்கு நிறுவனங்களே விடை என்ற என் கருத்தில் மாற்றமில்லை. ஆனால் நிலையத்தைச் சுற்றி ஊர் ஏன் இவ்வளவு பெருகியது என்பதற்கு விடை சீசன் டிக்கெட்டில் இருக்கிறது, அதை முதலில் நான் அழுத்திச் சொல்லவில்லை. மாதத்துக்கு ஒருமுறை கட்டிவிட்டால் எத்தனை தடவை வேண்டுமானாலும் போய்வரலாம் என்ற ஏற்பாடு இல்லாமல் இருந்தால், சம்பளக்காரர் ஒருவர் மயிலாப்பூரிலோ திருவல்லிக்கேணியிலோ ஒண்டுக்குடித்தனத்தை விட்டு வெளியேறியிருக்கவே மாட்டார். என் தந்தை குரோம்பேட்டை ராதா நகரில் மனை வாங்கியபோது அங்கே சாலை இல்லை, தண்ணீர்க் குழாய் இல்லை, மழைக்காலத்தில் முழங்கால் அளவு நீர். ஆனால் நிலையத்துக்கு நடந்து போகும் தூரம். மனை விற்றவர் காட்டிய ஒரே வசதி அதுதான். தந்தைக்கும் அது போதுமானதாக இருந்தது. சீசன் டிக்கெட்டை ரேஷன் கார்டோடு ஒரே உறையில்தான் வைத்திருந்தார்.

ஆகவே இருவரும் ஒரே கதையின் இரண்டு பாதிகளைச் சொல்கிறோம். நிறுவனம் நிலையத்தைக் கொண்டுவந்தது, நிலையம் சம்பளக்காரரைக் கொண்டுவந்தது, சம்பளக்காரர் ஊரைக் கட்டினார்.

19 ஜூலை 2025

தாம்பரம் சானடோரியம் என்ற பெயரைப் படித்துவிட்டு அங்கே மருத்துவமனை எங்கே என்று கேட்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். டாக்டர் டேவிட் சௌரிமுத்து 1928இல் அங்கே காசநோய் மருத்துவமனையை நிறுவினார். இங்கிலாந்தில் மென்டிப் குன்றுகளில் காசநோய்க்கான சானடோரியம் நடத்தியவர் அவர். கணித மேதை ராமானுஜன் உடல் நலிந்து இங்கிலாந்தில் சிகிச்சை பெற்ற இடங்களில் அதுவும் ஒன்று. காசநோய்க்கு மருந்து கண்டறியப்படாத காலம். திறந்த வெளி, நல்ல காற்று, ஓய்வு, உணவு ஆகியவைதான் சிகிச்சை. அதற்கு நகரத்தின் நெரிசலுக்கு வெளியே, ஆனால் நகரத்திலிருந்து எட்டிவிடும் தூரத்தில் இடம் தேவை. மரங்களும் சிறு குன்றுகளும் சூழ்ந்த தாம்பரத்துக்கு வடக்குப் பகுதி அதற்குப் பொருந்தியது. 1937இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. எச்.ஐ.வி. நோயாளிகளை வேறு இடங்களில் தொடவே தயங்கிய காலத்தில் அவர்களை ஏற்றுச் சிகிச்சை அளித்த இடம் என்பதை நன்றியோடு நினைக்க வேண்டும்.

அந்த நிலையத்தில் இறங்குவதற்கே மக்கள் கூசிய காலம் ஒன்று இருந்தது. என் பெரியம்மா 1960களில் அங்கே சிகிச்சையில் இருந்தார். அவரைப் பார்க்கப் போன எங்கள் வீட்டார், தெரிந்தவர்கள் யாராவது வண்டியில் இருந்தால் தாம்பரம் வரை போய் இறங்கி நடந்து திரும்புவார்களாம். பெரியம்மா குணமாகி வீடு திரும்பிப் பல்லாண்டு வாழ்ந்தார். அவர் மட்டும் யாரிடமும் மறைக்கவில்லை. "சானடோரியம் ஸ்டேஷன்ல இறங்குனதாலதான் நான் இன்னிக்கு உக்காந்து பேசிண்டிருக்கேன்" என்று விருந்தாளிகள் முன்னாலேயே சொல்வார்.

1984இல் ஏற்றுமதிக்கான உற்பத்தி மண்டலமான மெப்ஸ் வந்ததும் நிலையத்தின் முகம் மாறியது. ஷிஃப்ட் முடியும் நேரத்தில் நடைமேடை முழுதும் இளம்பெண்கள். 2005இல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் அருகிலேயே திறக்கப்பட்டது. இன்று காலையில் அங்கே இறங்குபவர்களில் கஷாயப் புட்டிக்காகத் துணிப்பை கொண்டுவரும் முதியவர்களும் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய பெண்களும் ஒரே படிக்கட்டில் ஏறுகிறார்கள்.

பெயரை மாற்ற வேண்டும் என்று சிலர் சொல்வதுண்டு. நான் அதை ஏற்க மாட்டேன். ஒரு நோயை இந்த ஊர் எப்படித் தாங்கிப் பிடித்தது என்பதற்கு அந்தப் பலகைதான் சாட்சி.

24 ஜூலை 2025

2018இல் இதே நாள் காலையில் பரங்கிமலை நிலையத்தில் நடந்ததை மறக்கக் கூடாது. மின்கம்பிக் கோளாறால் புறநகர்ப் பாதையில் வண்டிகள் தடைபட்டு, கூட்டம் அளவு கடந்து சேர்ந்திருந்தது. திருமால்பூர் செல்லும் வண்டி விரைவுப் பாதையில் விடப்பட்டது. வாசலில் தொங்கிக்கொண்டு போன பயணிகள், அந்தப் பாதையை ஒட்டி எழுப்பியிருந்த கான்கிரீட் தடுப்பில் மோதி விழுந்தார்கள். இளைஞர்கள் உயிரிழந்தார்கள். அந்தக் கூட்டத்தில் பெரும்பாலோர் நம் ஐந்து நிலையங்களுக்கும் அதற்கு அப்பாலும் போகவேண்டியவர்கள்.

புறநகர்ப் பாதையும் விரைவுப் பாதையும் பிரிந்ததைப் பெரிய நன்மையாக ஜூன் 9இல் எழுதினேன். அது நன்மைதான். ஆனால் ஒரு பாதைக்கென்று கட்டிய நடைமேடையையும் தடுப்பையும் கணக்கில் கொள்ளாமல் வண்டியை அடுத்த பாதைக்குத் திருப்பினால் என்ன ஆகும் என்பதும் இதே வரலாற்றின் பகுதி. கடந்த ஏப்ரல் 19 முதல் கடற்கரைக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே ஓடும் குளிர்சாதன மின்வண்டியில் கதவுகள் தாமாக மூடிக்கொள்கின்றன. அதில் குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய், சாதாரண வண்டியில் 5 ரூபாய். மூடும் கதவு 5 ரூபாய்ப் பயணிக்கும் கிடைக்க வேண்டும்.

3 ஆகஸ்ட் 2025

தாம்பரம்.

மின்வண்டி ஏன் தாம்பரத்தோடு நின்றது என்ற கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்திருக்கிறது. வண்டிகளை நிறுத்தவும் பழுது பார்க்கவும் பணிமனை வேண்டும், அதற்குப் பரந்த நிலம் வேண்டும். தாம்பரத்தில் அது இருந்தது. பணிமனை வந்ததும் ரயில்வே ஊழியர் குடியிருப்பு எழுந்தது. கடைசி வண்டி இரவில் தங்கும் இடமும், முதல் வண்டி விடியலில் புறப்படும் இடமும் இதுவே ஆனது. அதனால் கிடைத்த பயன் ஒன்றை அங்கே வாழ்ந்தவர்களே அறிவார்கள்: தாம்பரத்தில் ஏறுபவருக்கு உட்கார இடம் கிடைக்கும். குரோம்பேட்டைக்காரர்கள் சிலர் எதிர்த் திசை வண்டியில் ஏறித் தாம்பரம் வரை வந்து, அதே வண்டியில் உட்கார்ந்தபடியே திரும்புவார்கள். மோட்டார்மேன் கைப்பையோடு நடைமேடையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்து போய் மறுமுனை அறையில் ஏறும்வரை, பெட்டிக்குள் நாளிதழ் கை மாறிக்கொண்டிருக்கும்.

சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு இடம் பெயர்ந்தது. மின்வண்டி வந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. சேலையூர்க் காட்டுப் பகுதியை ஒட்டிய நிலத்தில் வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவருடைய மனைவி ஆலிஸ் பார்ன்ஸும் மரங்களையும் செடிகளையும் பேணி வளர்த்த கதையை அங்கு படித்தவர்கள் இன்றும் சொல்வார்கள். 1938 டிசம்பரில் அந்த வளாகத்தில் உலகக் கிறித்தவ மறைப்பணி மாநாடு கூடியது. பல நாடுகளிலிருந்தும் 400க்கும் மேற்பட்ட பேராளர்கள் வந்தார்கள். சமய வரலாறு படிப்பவர்களுக்கு 'தாம்பரம் 1938' என்றால் இன்றும் அந்த மாநாடுதான்.

1960களில் தாம்பரத்துக்கு அப்பால் விழுப்புரம் வரை 25,000 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தில் பாதை மின்மயமானது. அதையொட்டிக் கடற்கரை–தாம்பரம் பாதையின் பழைய 1,500 வோல்ட் முறையும் கைவிடப்பட்டது. மிட்சுபிஷி நிறுவனம் ஜப்பானில் செய்து அனுப்பிய யாம்–1 என்ற மீட்டர் கேஜ் மின் எஞ்சின்கள் தாம்பரம் ஷெட்டில் நின்ற காட்சியை, பள்ளி விடுமுறையில் மேம்பாலத்தில் நின்று பார்த்திருக்கிறேன். உருவத்தில் சிறியவை, ஆனால் புறப்படும்போது எழுப்பும் ஒலி நடைமேடைக் கம்பிகளில் அதிரும்.

10 ஆகஸ்ட் 2025

"மீட்டர் கேஜ் என்றைக்கு நின்றது?" 2004 ஜூலை 1ஆம் நாள் எழும்பூர்–தாம்பரம் மீட்டர் கேஜ் மின்வண்டி கடைசியாக ஓடியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே அகலப்பாதை வண்டிகளும் மீட்டர் கேஜ் வண்டிகளும் பக்கம் பக்கமாக ஓடின. நடைமேடையில் நிற்பவர்களுக்கு அது தொல்லையாகவே இருந்தது. எது எந்தப் பக்கம் வரும் என்று ஒலிபெருக்கியைக் கேட்டுவிட்டு, படியேறி இறங்கி ஓட வேண்டும். அகலப்பாதை வண்டி வந்தபோது நாங்கள் முதலில் உணர்ந்தது உள்ளே நிற்கும் இடத்தைத்தான். எதிரெதிர் இருக்கையில் முழங்கால் இடிக்காமல் உட்கார்ந்ததும், நடுவழியில் இரண்டு பேர் எதிரெதிராகக் கடந்து போக முடிந்ததும் அன்று பெரிய செய்திகள்.

எழும்பூர் வரை மீட்டர் கேஜ் இல்லாமல் போனதால், தெற்கே மிச்சமிருந்த மீட்டர் கேஜ் வண்டிகள் சில காலம் தாம்பரத்திலிருந்தே புறப்பட்டன. மூட்டை முடிச்சோடு குடும்பங்கள் மின்வண்டியில் தாம்பரம் வந்து ராமேஸ்வரம் வண்டிக்கு மாறின. இப்போது அகலப்பாதையிலும் தாம்பரம் சென்னையின் மூன்றாவது முனையமாகிவிட்டது. பாம்பனில் புதிய பாலம் கடந்த ஏப்ரல் 6இல் திறக்கப்பட்டபோது கொடியசைத்து அனுப்பப்பட்ட ரயில் ராமேஸ்வரம்–தாம்பரம் வண்டிதான்.

20 ஆகஸ்ட் 2025

ரயில்வே கேட்டுகளைப் பற்றி எழுதாமல் விட்டால் இந்த இழை முழுமையாகாது.

வண்டிகள் அடிக்கடி ஓடுவது பயணிக்கு வரம், பாதையைக் குறுக்கே கடக்க வேண்டியவருக்கு அதுவே சுமை. தாம்பரம் கிழக்கு, மேற்கு என்று இரண்டு ஊர்களாகவே வளர்ந்தது. கல்லூரி கிழக்கில், பேருந்து நிலையமும் பெரிய கடைத்தெருவும் மேற்கில். குரோம்பேட்டையில் ராதா நகர் கேட் மூடினால் ஒரு மின்வண்டி, ஒரு விரைவு வண்டி, எதிரே இன்னொரு மின்வண்டி என்று மூன்றும் போன பிறகுதான் திறக்கும். ஆம்புலன்ஸ் நிற்பதைக் கண்டு கேட் கீப்பரிடம் மன்றாடியவர்கள் உண்டு. அவர் கையில் எதுவும் இல்லை, சிக்னல் விழுந்துவிட்டால் கேட்டைத் தூக்க முடியாது. குனிந்து நுழைந்து போனவர்களில் எங்கள் தெருவைச் சேர்ந்த ஒருவர் வீடு திரும்பவில்லை. சுரங்கப்பாதை வரும் என்று சொல்லப்பட்டு வேலை பல ஆண்டுகள் இழுத்தது. பாதை போட்டவர்கள் ஊர் இரண்டாகப் பிரியும் என்பதை எண்ணவில்லை என்று அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அப்போது அங்கே ஊர் இல்லை, வயலும் ஏரியும்தான் இருந்தன. ஊர் வந்த பிறகு ஐம்பது ஆண்டுகள் கேட்டையே நம்பியிருந்ததுதான் குறை.

14 செப்டம்பர் 2025

பெருங்களத்தூரைப் பற்றி ஏன் ஒரு வரி கூட இல்லை என்று அங்கே வசிக்கும் ஒருவர் வருத்தத்தோடு கேட்டிருக்கிறார். நியாயமான வருத்தம்.

மற்ற நான்குக்கும் பின்னால் ஒரு நிறுவனம் இருந்தது. பெருங்களத்தூரைப் பெரிய நிலையமாக்கியது நெடுஞ்சாலை. தெற்கிலிருந்து இரவெல்லாம் ஓடிவரும் பேருந்துகள் ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையில் நகரத்துக்குள் நுழையும் வாசலாக அது இருந்தது. அப்போது கோயம்பேடு பேருந்து நிலையம் வரை பேருந்திலேயே உட்கார்ந்திருந்தால் நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் போய்விடும். பெருங்களத்தூரில் இறங்கி மின்வண்டியைப் பிடித்தால் அதற்குள் எழும்பூரையே தாண்டிவிடலாம். இதை யாரும் திட்டமிடவில்லை, பயணிகளே கண்டுபிடித்துக்கொண்டார்கள். அதிகாலை நாலரைக்கு அரைத் தூக்கத்தில் இறங்கும் குடும்பம், தலையில் அரிசி மூட்டை, கையில் முருங்கைக்காய்க் கட்டு, தோளில் உறங்கும் குழந்தை, டிக்கெட் சன்னல் முன்னால் நீண்ட வரிசை. பொங்கலும் தீபாவளியும் முடிந்த மறுநாள் அந்தச் சிறிய நிலையம் தாம்பரத்தையே மிஞ்சும்.

2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டு, தென் மாவட்டப் பேருந்துகள் அங்கேயே நிறுத்தப்பட்டன. அவ்வளவு பெரிய முனையம் திறக்கும் நாளில் அருகே ரயில் நிலையம் இல்லை. ரயில்பாதையோ கூப்பிடு தூரத்தில் ஓடுகிறது. 1931இல் மின்வண்டியை முதலில் ஓட்டிவிட்டு, அதன் வழியே ஊர் வளர விட்டார்கள். இங்கே ஆயிரக்கணக்கானவர்களை இறக்கிவிட்ட பிறகு நிலையம் கட்டும் வேலை நடக்கிறது. வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் மூட்டையோடு போய் ரயிலைப் பிடித்தவர்களின் அலைச்சல் தேவையற்றது, தவிர்த்திருக்கக் கூடியது.

22 அக்டோபர் 2025

தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டு இன்று காலை திரும்பினேன். கிளாம்பாக்கத்துக்கு முன்பும் பின்பும் எப்படி என்று கேட்டவருக்கு: பேருந்தில் வந்தவர்களில் பலர் இன்னமும் எப்படியாவது பெருங்களத்தூருக்கோ தாம்பரத்துக்கோ வந்துதான் மின்வண்டியில் ஏறுகிறார்கள். டிக்கெட் வரிசை குறைந்திருக்கிறது, பெரும்பாலோர் கைப்பேசியிலேயே எடுத்துவிடுகிறார்கள். அரிசி மூட்டை குறையவில்லை.

2 நவம்பர் 2025

முதல் கேள்வி கேட்ட நண்பர் திரும்ப வந்து, தம் தெருச் சங்கத்தின் மலரில் தாம்பரம் நிலையத்தைப் பற்றி எழுதப்போவதாகவும் எந்த ஆண்டைப் போடுவது என்றும் கேட்கிறார்.

இரண்டையும் போடுங்கள். 1870களின் மீட்டர் கேஜ் பாதையை ஒரு வரியிலும், 1931 மே 11ஐ அடுத்த வரியிலும் எழுதி, இரண்டாவதற்குக் கூடுதல் இடம் ஒதுக்குங்கள். 1937, 1964, 2004, 2021 ஆகியவற்றையும் விட வேண்டாம்: கல்லூரி வந்தது, நகராட்சியானது, மீட்டர் கேஜ் போனது, மாநகராட்சியானது. உங்கள் தாத்தா தாம்பரத்தில் இறங்கியது எந்த வேலைக்காக, யாரைப் பார்க்க என்பது வீட்டில் யாருக்காவது நினைவிருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய அட்டை டிக்கெட்டோ, மீட்டர் கேஜ் காலத்து நடைமேடைப் படமோ யாரிடம் இருந்தாலும் இங்கே போடவும். குரோம்பேட்டையின் பழைய டிக்கெட் அறையைத்தான் நான் குறிப்பாகத் தேடுகிறேன்.